வெள்ளை ஊசி: பிடரி நரம்பில் ஸ்டீரொயிட் சேர்த்த ஒரு தலையிடி நிகழ்வு

“அந்த வெள்ளை மருந்தையே போடுங்கோ டொக்டர். தண்ணி மாதிரி இருக்கிறது எனக்குக் கேக்காது.”

கதிரையில் இருந்ததும் அவர் சொன்ன முதல் வசனம் இதுதான். வயது 47. சுன்னாகம் பக்கத்தில் வீட்டிலேயே மெஷின் வைத்துத் தைத்துக் கொடுப்பவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.) பைக்குள் ஒரு கிளினிக் கொப்பி, இரண்டு எக்ஸ்ரே உறை, மூளை சிடி ஸ்கான் ஒன்று, பாதி முடிந்த பனடோல் அட்டை. தலையிடிக்காரரின் பை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதில் புதினம் எதுவும் இல்லை. ஊசியை நிறம் சொல்லிக் கேட்டதுதான் புதிது.

எது அந்த வெள்ளை? தலையிடிக்குப் பிடரியில் போடும் ஊசியில் முக்கியமானது விறைப்பு மருந்து. லிக்னோகெயின் அல்லது பியூபிவகெயின், இரண்டுமே தண்ணீர் போலத் தெளிவானவை. அதோடு சிலர் ஸ்டீரொயிட்டையும் சேர்ப்பார்கள். ட்ரையம்சினொலோன், மெதைல்பிரெட்னிசொலோன் அசிற்றேற் போன்றவை கரையாத நுண்தூள்கள். குலுக்கினால் பால் மாதிரி இருக்கும், அசையாமல் வைத்தால் அடியில் மண்டி நிற்கும். விறைப்பு மருந்தோடு ஒரே சிரிஞ்சில் இழுத்தால் கலங்கல் வெள்ளை. முதல் தடவை தட்டில் கிடந்த சிரிஞ்சை இவர் பார்த்திருக்கிறார். ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் தலையிடி விட்டிருக்கிறது. வெள்ளைதான் வேலை செய்தது என்று முடிவு கட்டிவிட்டார்.

பத்து நிமிடத்தில் வேலை செய்தது தண்ணீர் போல இருந்த மருந்து. ஸ்டீரொயிட் தன் வேலையைக் காட்ட நாள் கணக்கில் செல்லும். ஆனால் நோ விட்டவரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லி நம்பவைக்க முடியாது. நானும் அன்று முயற்சிக்கவில்லை. கதையைக் கேட்டேன்.

வருத்தத்தின் கதை

பத்தொன்பது வயதில் தொடங்கிய தலையிடி. பெரும்பாலும் வலப்பக்கம், விண்விண்ணென்று இடிக்கும், ஓங்காளிக்கும், வெளிச்சமும் மெஷின் சத்தமும் ஆகாது. இருட்டறையில் படுத்தால் ஓரளவு சுகம். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து மத்தியானம் வரை சாப்பிடாமல் இருந்தால் நிச்சயம் வரும். நல்லூர்த் திருவிழா நாட்களில் வெயிலும் கற்பூரப் புகையும் சேர்ந்தால் அன்றைக்குச் சரி. தாய்க்கும் இதே “கபாலக்குத்து” இருந்ததாம். இவ்வளவும் கேட்டபின் மைகிரேன் என்று சொல்லப் பெரிய படிப்புத் தேவையில்லை.

மாதத்தில் மூன்று நான்கு நாள் வந்தது, கடந்த இரண்டு வருடத்தில் 20 நாளுக்கு மேல் போய்விட்டது. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலையிடி, அதில் 8 நாளாவது மைகிரேன் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட மைகிரேன் என்கிறோம். கூடவே பனடோல். காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும். சாதாரண நோமாற்றியைக்கூட மாதம் 15 நாளுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால் அதுவே தலையிடியை வளர்க்கும். இதைச் சொன்னபோது “பனடோல்தானே டொக்டர்” என்று சிரித்தார். வீட்டுக்கு வீடு இருக்கிற மருந்து என்பதால் அதை ஒருவரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மற்றபடி: ஆறு வருடமாகச் சலரோகம், மெற்போமின் எடுக்கிறார். சிறுவயதிலிருந்து முட்டு (ஆஸ்துமா). அதனால் மைகிரேனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் புரொப்ரனொலோல் கொடுக்க முடியாது. அமிட்ரிப்டிலின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாய் காய்கிறது, பகலில் நித்திரை தூங்குகிறது, உடம்பு வைக்கிறது என்று அவரே நிறுத்திவிட்டார். இடையில் ஒருவர் கழுத்து எக்ஸ்ரேயைப் பார்த்து எலும்புத் தேய்வு என்று பட்டி கட்டவைத்திருக்கிறார். குனிந்தே தைக்கும் 47 வயதுக்காரரின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்வு தெரியாவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

இந்த நிலையில்தான் ஓர் இடத்தில் நரம்பு ஊசி தொடங்கியது. முதலாவதுக்கு இரண்டு கிழமை நல்ல சுகம். பிறகு தலையிடி திரும்ப, அவர் திரும்பிப் போக, ஒன்பது மாதத்தில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும். சுகம் இருந்த காலம் இரண்டு கிழமையிலிருந்து ஐந்தாறு நாளாகச் சுருங்கியது. கொப்பியில் ஐந்து இடத்திலும் ஒரே சொல்: “நரம்பு ஊசி”. என்ன மருந்து, எவ்வளவு, எந்தப் பக்கம், ஒன்றும் இல்லை.

நான் கேட்டதற்காக அவர் திரும்பவும் அங்கே போய் ஒரு துண்டில் எழுதி வாங்கி வந்தார். லிக்னோகெயினோடு ட்ரையம்சினொலோன், பக்கத்துக்கு 40 மில்லிகிராம். ஒரு தடவைக்கு 80, ஐந்து தடவைக்கு 400 மில்லிகிராம். ட்ரையம்சினொலோன் 4 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். அப்படிப் பார்த்தால் 500 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் அளவுக்கு உடம்புக்குள் போயிருக்கிறது. குளிசையாகக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் சீனி பார்த்திருப்போம். பிடரியில் போட்டதால் அது பிடரியிலேயே நின்றுவிடும் என்ற நினைப்பு.

தலையில் கண்டது

கண்ணின் உட்புறத்தைப் பார்த்தேன், வீக்கம் இல்லை. கைகால் பலம், நடை, உணர்ச்சி எல்லாம் சரி. பிடரியில் இரண்டு பக்கமும் நரம்பு வரும் இடத்தை அமத்தினால் நோகிறது. ஆனால் மின்னல் வெட்டினமாதிரிக் குத்து எதுவும் இல்லை, ஆகவே இது பிடரி நரம்புக் குத்து அல்ல. மைகிரேன்காரருக்கும் அந்த இடம் நோகும். இரத்த அழுத்தம் 148/92.

பிறகு அவர் கொண்டையை அவிழ்த்தார். வலப்பக்கப் பிடரியில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் மயிர் இல்லை. “புழுவெட்டு” என்று பக்கத்து வீட்டு மாமி சொல்ல, சின்ன வெங்காயத்தை வெட்டித் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கொண்டை போட்டால் தெரியாதாம், பின்னினால் தெரியுமாம். ஆகவே ஐந்து மாதமாகப் பின்னவே இல்லை.

புழுவெட்டில் மயிர் போகும், தோல் தோலாகவே இருக்கும். இங்கே தோலே கெட்டிருந்தது. மெல்லிசாகி, வெளிறி, பளபளத்து, சற்றுக் குழிந்து, கீழே நுண்ணிய இரத்தக்குழாய்கள் தெரிந்தன. இடமும் அச்சொட்டாக ஊசி ஏறிய இடம். தலையில் மயிர் வேர்கள் தோலுக்குக் கீழே கொழுப்புப் படைவரை இறங்கி நிற்கின்றன. கரையாத ஸ்டீரொயிட் அந்தப் படையில் தேங்கினால் கிழமைக் கணக்கில் அங்கேயே இருந்து கொழுப்பைக் கரைக்கும், தோலை மெலியச் செய்யும், வேரை உறங்கவைக்கும். பிடரி நரம்பு ஊசிக்குப் பிறகு இப்படி மயிர் உதிர்ந்து தோல் மெலிந்ததை 2004 இலேயே எழுதிவிட்டார்கள். 

மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. ஊசி தொடங்குமுன் கொப்பியில் இருந்தது 7.1. ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஒரு கிழமை “தண்ணி தண்ணியா” விடாய்த்து இரவில் நான்கு தடவை எழும்பியதை, கேட்டபிறகுதான் சொன்னார். முழுப் பழியையும் ஸ்டீரொயிட்டில் போடமாட்டேன். அமிட்ரிப்டிலின் ஏற்றிய நிறையும் உண்டு, தலையிடியால் நடப்பதை விட்டதும் உண்டு. உடம்பு தானே சுரக்கும் ஸ்டீரொயிட்டான கார்டிசோலைக் காலையில் பார்த்தோம், நல்லவேளை குறையவில்லை. அடிக்கடி ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி சோம்பிவிடும். முகம் வீங்கி, வயிறு வைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிடரியில் குத்தினால் நெற்றி நோ ஏன் போகிறது?

இதை எல்லோரும் கேட்பார்கள், இவரும் கேட்டார். பிடரிப் பெருநரம்பு கழுத்தின் இரண்டாவது முள்ளந்தண்டு நரம்பிலிருந்து கிளம்பி, பின்கழுத்துத் தசைகளைத் துளைத்து, உச்சிவரை ஏறுகிறது. நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்ச்சி கொடுப்பது முக்கிளை நரம்பு. இந்த இரண்டின் நோச் செய்திகளும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் மேல்கழுத்துத் தண்டுவடத்திலும் ஒரே நரம்புக்கலத் தொகுதியில் வந்து சேர்கின்றன. யாழ்ப்பாண பஸ் ஸ்ராண்டில் காரைநகர் பஸ்ஸும் பருத்தித்துறை பஸ்ஸும் வந்து நிற்பதுபோல. ஒரு வழியை மறித்தால் ஸ்ராண்டின் நெரிசலே குறைகிறது. விறைப்பு சில மணித்தியாலத்தில் விட்டுப்போனாலும் சுகம் சில நாள், சில கிழமை நீடிப்பதை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

நாங்கள் செய்தது

முதலில் பனடோலை நிறுத்தினோம். முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னேன். அழுத்தமும் இருந்ததால், மைகிரேனைத் தடுக்கவும் உதவும் கண்டெசார்ட்டனைத் தொடங்கினோம். ஒரு குளிசையில் இரண்டு காரியம், முட்டுக்காரருக்கும் பாதகமில்லை. அதற்குமுன் சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்த்தோம். தலையிடி நாட்களைக் குறிக்க ஒரு கலண்டர் கொடுத்தோம்.

அப்புறம் ஊசி. ஸ்டீரொயிட் இல்லாமல், இரண்டு சதவீத லிக்னோகெயின் மட்டும், பக்கத்துக்கு 2 மில்லிலீற்றர், கிழமைக்கு ஒன்றாக நான்கு தடவை. இரண்டு பக்கமும் சேர்ந்து 80 மில்லிகிராம். அவர் நிறை 58 கிலோ, கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் எல்லை என்றால் 261 வரை இடமுண்டு. பிடரியின் நடுவில் கையில் தட்டுப்படும் எலும்பு முண்டிலிருந்து காதுக்குப் பின்னாலிருக்கும் முண்டுக்கு ஒரு கோடு போட்டால், நடுவிலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் இடம். பக்கத்திலேயே நாடி துடிக்கும், அதற்கு உட்பக்கமாக. ஊசியைப் பின்னிழுத்து இரத்தம் வரவில்லை என்று பார்த்துவிட்டு மெதுவாகச் செலுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் உச்சிவரை விறைத்தால் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

இங்கே ஊசிக்கு முன்னர் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: தலையில் ஷெல் துண்டு பட்டதா, மண்டையோட்டில் ஒப்பரேஷன் நடந்ததா? மண்டையோட்டில் ஓட்டை இருந்தால் விறைப்பு மருந்து உள்ளே போய் ஆளை மயக்கிவிடலாம். போரைக் கடந்த ஊரில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அல்ல. மயிர் மறைத்த தழும்புகள் இங்கே நிறைய.

இரண்டாம் ஊசிக்கு அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல். வெறுவயிற்றில், அதுவும் சலரோகத்தோடு, தலையில் ஊசி போட்டால் தலைசுற்றி விழுவார். சீனி போடாத பிளேன்டீயும் இரண்டு பிஸ்கற்றும் கொடுத்து அரை மணித்தியாலம் இருத்திய பிறகுதான் போட்டோம். விரதம் முறிந்ததற்கு என்னைத்தான் பொறுப்பாக்கினார்.

முதல் ஊசி அன்று சிரிஞ்சைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “தண்ணி” என்றார். பத்து நிமிடத்தில் உச்சி விறைத்து நோவும் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது மாதக் கலண்டரில் 9 நாள். தொடக்கத்தில் 21. இதில் எவ்வளவு ஊசியால், எவ்வளவு பனடோலை விட்டதால், எவ்வளவு கண்டெசார்ட்டனால் என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வால் முடியாது. மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினேன். ஆராய்ச்சிக்கு அது பிழை, நோயாளிக்கு அதுதான் சரி.

இன்னொருவர், வேறு நியாயம்

ஸ்டீரொயிட்டே வேண்டாம் என்கிற ஆள் நான் என்று யாரும் நினைக்கக் கூடாது. அதே காலத்தில் குருநகரிலிருந்து ஒரு கடற்தொழிலாளி வந்தார், 38 வயது, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். மூன்று கிழமையாக ஒவ்வொரு இரவும் இரண்டு மணியளவில் வலது கண்ணுக்குப் பின்னால் கம்பியைக் காய்ச்சி ஏற்றினமாதிரி நோ. கண் சிவந்து நீர் வழியும், அந்தப் பக்க மூக்கு அடைக்கும். முக்கால் மணித்தியாலத்தில் தானாக விடும், விடியுமுன் இன்னொரு தடவை வரும். மைகிரேன்காரர் அசையாமல் படுப்பார். இவர் படுக்கமாட்டார், முற்றத்தில் நடப்பார், மதிலில் தலையை இடிப்பார். கள்ளுக் குடித்த இரவில் நிச்சயம் வரும். நான் பார்க்குமுன் இதற்காக ஒரு கடைவாய்ப்பல்லைக் கொடுத்துவிட்டார். இது கொத்துத் தலையிடி.

இவருக்கு யோசிக்காமல் ஸ்டீரொயிட் சேர்த்து, வலப்பக்கம் மட்டும், ஒரே ஊசி. சலரோகம் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். தோலோடு ஒட்டிப் போடாமல் ஆழமாகப் போட்டோம். ஈசிஜி எடுத்து, தாக்குதலைத் தடுக்கும் வெரபமில்லும் தொடங்கினோம், ஆனால் அது பிடிக்க நாளாகும். நான்காம் நாளிலிருந்து இரவு நித்திரை. பல்தான் திரும்பவில்லை.

ஒரே இடம், ஒரே ஊசி. ஒருவருக்கு வெள்ளை மருந்து தேவைப்பட்டது, மற்றவருக்கு அது மயிரையும் சீனியையும் கெடுத்தது. வித்தியாசம் நோயில் இருக்கிறது.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. கொத்துத் தலையிடியில் 2005 இல் அம்புரோசினி குழுவினர் 23 பேருக்கு விறைப்பு மருந்து கொடுத்தார்கள். 13 பேருக்கு அதோடு பீட்டாமெதசோன் என்ற ஸ்டீரொயிட், மற்றவர்களுக்கு உப்புநீர். முதல் கிழமையில் ஸ்டீரொயிட் பெற்ற 13 பேரில் 11 பேருக்கு நோ நின்றது, மற்றப் பத்துப் பேரில் ஒருவருக்கும் நிற்கவில்லை. 2011 இல் பிரான்சில் லெரூ குழுவினர் 43 பேரில் கோர்ட்டிவசோல் என்ற ஸ்டீரொயிட்டை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். நாளுக்கு இரண்டு தாக்குதலோ அதற்குக் குறைவோ என்ற நிலைக்கு வந்தவர்கள் ஸ்டீரொயிட் பெற்ற 21 பேரில் 20, போலி ஊசி பெற்ற 22 பேரில் 12. அமெரிக்கத் தலையிடிச் சங்கம் 2016 இல் இதைத் தன் உயர்தரப் பரிந்துரையாக ஏற்றுக்கொண்டது.

மைகிரேனுக்கு வந்தால் கதை மாறுகிறது. 2008 இல் ஆஷ்கெனாசி குழுவினர் நாட்பட்ட மைகிரேன் உள்ள 37 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு விறைப்பு மருந்து மட்டும், மற்றப் பகுதிக்கு அதோடு 40 மில்லிகிராம் ட்ரையம்சினொலோனும் கொடுத்தார்கள். இரண்டு பகுதியிலும் நோ ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கியது, ஸ்டீரொயிட்டால் மேலதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. 2015 இல் டில்லி குழுவினர் பியூபிவகெயினோடு மெதைல்பிரெட்னிசொலோன் சேர்த்த ஒற்றை ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்டபோது, வித்தியாசமே தெரியவில்லை. அதே வருடம் துருக்கியில் இனான் குழுவினர் ஸ்டீரொயிட் இல்லாமல் பியூபிவகெயினை மட்டும் கிழமைக்கு ஒன்றாக நான்கு தடவை போட்டார்கள், தலையிடி நாட்கள் குறைந்தன. மைகிரேனில் பலன் ஏதும் உண்டென்றால் அது தண்ணீர் மருந்தைத் திரும்பத் திரும்பப் போடுவதில் இருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். நான் நான்கு ஊசி என்று கணக்குப் போட்டதும் அங்கிருந்துதான்.

சரி, பிறகு ஏன் எல்லோருக்கும் சேர்க்கிறார்கள்? பழக்கம். மூட்டு ஊசியில் சேர்த்த கை, நாரி ஊசியில் சேர்த்த கை, பிடரியிலும் சேர்க்கிறது. “கொஞ்சம் கூட நாள் நிக்கட்டும்” என்ற நல்லெண்ணம்தான். என் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சேர்த்தது.

கொப்பியில் என்ன எழுதுவது

இந்த நிகழ்வில் எனக்கு உறுத்தியது ஸ்டீரொயிட் போட்டது அல்ல. போட்டது எழுதப்படாமல் விட்டதுதான். ஐந்தாவது ஊசி போட்டவருக்கு முதல் நான்கிலும் என்ன போனது என்று தெரிந்திருந்தால் கை தயங்கியிருக்கும். சலரோகக் கிளினிக்கில் சீனி ஏன் ஏறியது என்று தலையைச் சொறிந்தவர்களுக்கும் விடை கிடைத்திருக்கும். நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. டெக்ஸாமெதசோனும் ஸ்டீரொயிட்தான், ஆனால் தண்ணீர் போலத் தெளிவு.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அந்த மண்ணில் இரண்டு வரி தமிழில் எழுதுவது கடினமான காரியமா? இப்போது நான் எழுதுவது இவ்வளவுதான்: மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்தப் பக்கம், ஸ்டீரொயிட் உண்டா இல்லையா. உண்டு என்றால் கீழே இன்னொரு வரி, “இரண்டு கிழமைக்குச் சீனி பார்க்கவும், மூன்று மாதத்துக்குள் திரும்பப் போடவேண்டாம்.” எழுதிவிட்டு வாசித்தும் காட்டுகிறேன்.

தொடர்ந்து நடந்தது

எட்டாம் மாதத்தில் குழி பாதி நிரம்பி, மேலே பூனைமயிர் போல முளைத்திருந்தது. தோல் இன்னும் வெளிறல்தான். எச்பிஏ1சி 7.3. அழுத்தம் 130க்குக் கீழ்.

மார்கழி கடைசியில், பள்ளிக்கூட யூனிபோம் தையல் உச்சத்தில் இருக்கும்போது, கலண்டரில் 14 நாள் ஏறியது. இரவு பன்னிரண்டு மணிவரை மெஷினில் இருந்திருக்கிறார், பனடோல் அட்டையும் பைக்குள் திரும்பியிருந்தது. “இந்தமுறைக்கு மட்டும் வெள்ளையைப் போடுங்கோ, தைப்பொங்கலுக்குள்ள உடுப்பு முடிக்கோணும்” என்றார். போடவில்லை. லிக்னோகெயின் மட்டும் இரண்டு பக்கமும் போட்டுவிட்டு, கொப்பியில் எழுதி, வாசித்துக் காட்டினேன். எழும்பிப் போகும்போதுதான் கவனித்தேன், அன்று பின்னிக்கொண்டு வந்திருந்தார்.